வெள்ளாளன்விளையிலிருந்து தோர்ணக்கல் வரை

திருச்செந்தூர் வட்டாரத்தில், பனைமரங்கள் சூழ்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874-ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தந்தையார் கிராமச் சபையின் குருவானவர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப்பாக உயர்ந்த இவரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

1902-இல் யாழ்ப்பாணம் சென்ற அசரியா, அங்குள்ள தமிழர் தாமே பணம் திரட்டி ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். நாம் மட்டும் வெள்ளையர் பணத்தையே நம்பியிருப்பதா என்று அவர் மனம் உறுத்தியது. மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதன் ஊழியராக 1909-இல் நிஜாம் ஆண்ட ஹைதராபாத் சமஸ்தானத்துத் தோர்ணக்கலுக்குச் சென்றார், தெலுங்கும் கற்றார்.

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. மிஷனரிமாரின் தியாகத்தைப் போற்றிய அசரியா, அதே மூச்சில் ஒரு குறையையும் சொன்னார். எங்களுக்காக உயிரையும் கொடுக்கிறீர்கள். ஆனால் எங்களை நண்பர்களாக ஏற்பதில்லையே என்பதே அவர் கேள்வியின் சாரம். சபையில் பலர் முகம் சுளித்தனர். துரை பங்களாவின் பின்வாசலை மட்டுமே அறிந்திருந்த நம் முன்னோருக்கு அச்சொல்லின் கனம் நன்றாக விளங்கியிருக்கும்!

1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். வெள்ளையரில் மட்டுமல்ல, நம்மவரிலும் இதை எதிர்த்தோர் இருந்தனர்.

தோர்ணக்கலில் அவரை நாடி வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள். ஊருக்கு வெளியே வாழ்ந்து, பிறர் வயலில் உழைத்தவர்கள். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கு பேய்களை விரட்டுங்கள் என்று மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார் பிஷப். இந்த நான்கில் நம் லயங்களுக்குத் தெரியாத பேய் எது? அவ்விரு சாதியாரும் தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் ஒதுக்கினர். அவர்களை ஒரே பந்தியில் அமர்த்துவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

மதமாற்றம் பற்றி அவருக்கும் காந்தியடிகளுக்கும் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்பதில் அசரியா உறுதியாக நின்றார். 1939-இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தையும் இந்தியக் கட்டடக் கலையை ஒட்டியே எழுப்பினார்.

அவருடைய திருமண்டலத்தில் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் 1945 ஜனவரி 1-ஆம் நாள் அவர் மறையும் வரை, வேறெந்த இந்தியரிடமும் ஓர் ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஒப்படைக்கப்படவில்லை. சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919-இல் தரங்கம்பாடியில் அவர் முன்னின்று தொடங்கிய முயற்சி, 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது.