காலாள் வைத்த இரண்டு அடி

பாறசாலையில் ஒரு கடைத் திண்ணையில் வருஷக்கணக்காகச் சதுரங்கம் பார்த்தவன் நான். மூலையில் நிற்கும் காயை மலையாளத்தார் தேர் என்பார்கள். நம்மவர் பலர் யானை என்பார்கள். காலாள் என்ற பேர் மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

அங்கே ஒரு பெரியவர் காலாளை ஒரு கட்டம்தான் நகர்த்துவார். நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடத்துப் பையனோ முதல் அடியிலேயே இரண்டு கட்டம் வைப்பான். "இது கள்ள ஆட்டம்டா" என்று பெரியவர் கோபிப்பார். யார் பக்கம் நியாயம்? சரித்திரத்தைப் பார்த்தால் இரண்டு பேர் பக்கமும்தான்.

7-ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷ சரிதத்திலேயே சதுரங்கம் பேசப்படுகிறது. பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போனபோதும் காலாளுக்கு ஓரடிதான். இரண்டடி அங்கே பிற்காலத்தில் சேர்ந்தது. நம் நாட்டுத் திண்ணைகளில் பழைய முறையே தங்கிவிட்டது. நம் ஆட்டத்தில் கோட்டை கட்டுதலும் கிடையாது. ராஜா ஆயுளில் ஒரு தடவை குதிரை மாதிரி தாண்டலாம், அவ்வளவுதான்.

இந்த இரண்டு விதிகளும் மாறியதால் போர்முறையே மாறியது. இரண்டு ராஜாக்களும் எதிரெதிர்ப் பக்கம் கோட்டை கட்டிக்கொண்டால், என் ராஜாவுக்குக் காவல் இல்லாத பக்கத்துக் காலாட்களை நான் தாராளமாக ஓட்டலாம். அவை போவது காய் வெட்ட மட்டுமல்ல. தாமே வெட்டுப்பட்டு, மூலைக்காய்க்கு வழி திறக்கத்தான். ஆனால் நடுப்பலகை உறுதியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரி அங்கே புகுந்துவிடுவான்.

ஓரடி ஆட்டமும் சும்மா இல்லை. 1850-களில் கல்கத்தாவில் ஜான் காக்ரேனுடன் ஆடிய மகேஷ் சந்திர பானர்ஜி, எதிரியின் காலாட்களை நடுவில் வரவிட்டு, பக்கத்திலிருந்து தாக்கினார். அந்த வகை ஆட்டங்களுக்கு இன்றும் உலகம் முழுக்க 'இந்தியத் தற்காப்பு' என்றே பேர். நம் விதியில் வளர்ந்த மீர் சுல்தான் கான், புது விதிகளைக் கற்று, 1929-இல் லண்டன் போன வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933-லும் ஜெயித்தார். 1961-இல் மானுவல் ஆரோன் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர்; 1988-இல் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர்; 2024-இல் குகேஷ் உலக சாம்பியன். எல்லாம் இரண்டடி விதியில்தான்.

நான் வியாபாரி. காலாளை முன்னே தள்ளுவது முதல் போடுகிற மாதிரி. மற்ற காய்கள் திரும்பி வரலாம், காலாள் வராது. அது விட்டுப்போன கட்டம் நிரந்தர ஓட்டை. ஓரடிப் பெரியவரின் நிதானத்தில் இந்தக் கணக்கு இருந்தது.

அவர் இப்போது இல்லை. அவர் விதிகளை யாரும் எழுதி வைக்கவும் இல்லை, நான் உள்பட. வெளியூரில் பிள்ளைகளுக்குச் செஸ் வகுப்பு வைக்கும் அன்பர்களே, ஊருக்குப் போகும்போது தாத்தாவிடம் ஒரு ஆட்டம் ஆடி, அவர் விதிகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.