நாய்க்கு ஒரு நடுகல்



எங்கள் வீட்டு மணி போன மாதம் இறந்துவிட்டான். வயது 13. செய்தி தெரிந்து போன் செய்தவர்கள், நேரில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் அனைவருக்கும் நன்றி. பேசியவர்களில் ஒரு உறவினர், என் மேல் இருக்கிற அக்கறையில்தான், "வாத்தியாரா இருந்த மனுசன், ஒரு நாய்க்குப் போய் சோறு தண்ணி இல்லாம உட்காரலாமா? இதெல்லாம் டவுன்காரங்க புதுசா பழகிக்கிட்ட பழக்கம்" என்றார். சோறு தண்ணி இல்லாமல் நான் இருக்கவில்லை. அது என் வீட்டுக்காரம்மா கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஆனால் "புதுசா பழகிக்கிட்ட பழக்கம்" என்ற சொல் மட்டும் மனசில் தைத்துவிட்டது. 31 வருடம் வரலாறு நடத்தியவனிடம் அப்படிச் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பரீட்சை இல்லை.

என் காசுப் பெட்டி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சோழர் பாடம் வரும்போது வகுப்புக்குக் கொண்டு வருவேன். ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு, ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. "சார், ராஜராஜன் ஏன் குச்சி பொம்மை மாதிரி இருக்கார்?" என்று வருடா வருடம் யாராவது கேட்பீர்கள். பெரும்பாலும் பழைய பாத்திரக் கடைகளில் செம்பு விலைக்கு, எடைக்கு வாங்கியவை அவை. ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலங்களில் காருக்குறிச்சியார் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டு அந்தக் காசுகளைத் துடைத்து அடுக்குவதுதான் என் பொழுது. பெட்டியின் மூடிக்குள் சமுத்திரகுப்தனின் தங்கக் காசுப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். ஊர் ஊராகப் போர் செய்த அந்த மனுசன், அதில் ஆசனத்தில் கால் மடக்கி உட்கார்ந்து மடியில் வீணை வைத்து வாசிக்கிறான். வீணை என்று பெயரே தவிர, பார்ப்பதற்கு நம் வில் யாழ் மாதிரி வளைந்த கருவி அது.

மணி போன பிறகு ஒருநாள் பெட்டியைத் திறந்து கொட்டிப் பார்த்தேன். யானை இருக்கிறது, காளை இருக்கிறது, புலி இருக்கிறது, பாண்டியர் சதுரக் காசின் முதுகில் கோடு கோடாக மீன் இருக்கிறது. நாய் ஒன்றுகூட இல்லை.

ரோமானியர் காசில் உண்டு. கி.மு. 82இல் காயஸ் மமிலியஸ் லிமெட்டானஸ் என்ற நாணய அதிகாரி அடித்த வெள்ளி தெனாரியஸ். விளிம்பு முழுவதும் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருக்கும். ஒரு பக்கம் மெர்க்குரி தேவன். மறுபக்கம் கையில் கோலுடன் நடந்து வரும் ஒரு ஆள், அவன் முன்னால் தலையைத் தூக்கிப் பார்க்கும் ஒரு நாய். ஆள் யுலிசிஸ், அதாவது ஹோமர் பாடிய ஒடிசியஸ். நாயின் பெயர் ஆர்கோஸ். 20 வருடம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்புகிறான் தலைவன். வாசலில் இருந்த யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எருக்குவியலில் கிடந்த கிழட்டு நாய்க்குத் தெரிந்துவிடுகிறது. எழுந்து வர முடியாமல் வாலை மட்டும் ஆட்டிவிட்டு உயிரை விடுகிறது. வேடம் கலைந்துவிடும் என்று அவன் கண்ணீரை மறைத்துக்கொண்டு போகிறான்.

நல்ல காசுதான். ஆனால் மமிலியஸ் அதை அடித்தது நாய்க்காக அல்ல. யுலிசிஸ் வம்சத்தில் வந்தவர்கள் நாங்கள் என்று அந்தக் குடும்பத்துக்குப் பெருமை. கல்யாணப் பத்திரிகையில் தாத்தாவின் பட்டங்களை வரிசையாகப் போடுகிறோமே, அந்த மாதிரி. நம் கொங்கு நாட்டில் கிடைத்த ரோமானியக் காசுகள் பெரும்பாலும் இதற்குப் பிந்திய அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. என்னிடம் ஆர்கோஸின் படம் மட்டும்தான் உண்டு.

இனி நம் ஊருக்கு வருகிறேன். செங்கம் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் வயல் வரப்பில், ஏரிக்கரையில் நடுகற்களைப் பார்த்திருக்கிறேன். "சார், அது வேடியப்பன் சாமி" என்பார்கள் பையன்கள். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊரார் நட்ட கல் அது. காலப்போக்கில் ஆளின் பெயர் மறந்து சாமியாகிவிட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டது, நாகசாமி ஐயா பதிப்பித்தது.

அந்த வட்டாரத்தில் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்கே உள்ள நடுகல் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 1,400 வருடம். எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற இளைஞனுக்கான கல். வில்லோ வாளோ ஏந்திய வீரனின் உருவம் பெரும்பாலான நடுகற்களில் உண்டு. இதில் கூடவே ஒரு நாயும் நிற்கிறது. நாய்க்கென்று தனியாக ஒரு வாசகமும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பது அதன் செய்தி.

கவனியுங்கள், "ஒரு நாய்" என்று எழுதவில்லை. கோவிவன் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். உளி பிடித்துக் கல்லில் ஒவ்வொரு எழுத்தாக வெட்ட வேண்டிய காலம். ஒரு சொல் கூடினால் உழைப்பும் கூடும். அந்தக் காலத்தில் வாழ்ந்து செத்த எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. எருமை மேய்த்த வீட்டு நாயின் பெயர் தெரிகிறது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. அதே மகேந்திரவர்மன்தான் 'மத்தவிலாசம்' என்ற சிரிப்பு நாடகம் எழுதியவன். அதில் ஒரு காபாலிகனின் கபாலம் காணாமல் போகும். பௌத்த பிக்கு மேல் பழி விழும். கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். சங்கீர்ணஜாதி என்று இசை சம்பந்தப்பட்ட பட்டமும் அவனுக்கு உண்டு. பாட்டு, நாய் இரண்டும் தெரிந்த ராஜா. எனக்குப் பிடித்த ராஜாக்களில் ஒருவன் என்பதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது ஆதகூர். கர்நாடகத்தில் மண்டியா மாவட்டம். உங்களுக்குத் தக்கோலப் போர் ஒரு மார்க் கேள்வியாகத்தான் தெரியும். கி.பி. 949, ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் சோழருக்கும் நம் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் நடந்த போர். பராந்தகனின் மகன் ராஜாதித்தன் யானை மேலேயே இறந்தான். சோழ அரசு எழுந்திருக்கப் பல வருடம் ஆனது. அந்தப் போரில் கிருஷ்ணனுக்குத் துணை நின்ற கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். அவனுடைய வீரத்தை மெச்சி என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றி மீது காளியை ஏவினார்கள். இரண்டும் சண்டையிட்டு இரண்டுமே செத்தன. ஆதகூர்ச் சிவன் கோயில் முன்னால் மணலேரன் கல் நட்டான். நாயும் பன்றியும் மோதும் சிற்பம் அதில் இருக்கிறது. கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விடப்பட்டது. பூசை செய்யாமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ராஜாதித்தனைக் கொன்றது பூதுகன் என்ற தகவலும் இந்தக் கல்லில்தான் இருக்கிறது. எத்தனையோ ஆராய்ச்சியாளர்கள் தக்கோலத்துக்காக அதைத் தேடிப் போய்ப் படித்திருக்கிறார்கள். நட்டவன் நட்டது நாய்க்காக! இரண்டு பேரரசுகளின் கதை ஒரு நாயின் கல்லில் ஒட்டிக்கொண்டு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு தக்கோலப் பாடத்தைக் காளியைச் சொல்லாமல் நான் நடத்தியதில்லை.

இவ்வளவு சொன்னாலும் அந்த உறவினர் ஒரு கேள்வி கேட்கலாம், கேட்டால் நியாயம்தான். கோவிவன் மந்தையைக் காத்தது, காளி பன்றியோடு மோதியது. உங்கள் மணி என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. பால்காரருக்கும் வாலாட்டுவான், முன்பின் தெரியாதவனுக்கும் வாலாட்டுவான். திருடன் வந்திருந்தால் அவனுக்கும் ஆட்டியிருப்பான். நாதஸ்வரம் ஆரம்பித்தால் எங்கிருந்தாலும் வந்து ஸ்பீக்கர் பக்கம் முகவாயைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வான். தனி ஆவர்த்தனம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். அவ்வளவுதான் அவன் உத்தியோகம்.

அப்படி ஒன்றும் செய்யாமல் பாட்டுக் கேட்ட நாய் ஒன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ், நாய் மார்க் பிளேட்டு. 1963இல் வந்த எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதமும் அந்தக் கம்பெனித் தட்டுதான். குழாய் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நாயின் பெயர் நிப்பர். வருகிறவர்களின் காலை வெடுக்கென்று கடிக்கப் போகும் என்பதால் வைத்த பெயர்.

இறந்துபோன எஜமானின் குரலைக் கேட்டு அது ஏங்குகிறது, பெட்டி இருப்பது சவப்பெட்டி மேல் என்றெல்லாம் நம் ஊரில் கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. நடந்தது வேறு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் மார்க் பராட் என்பவர் வளர்த்த நாய் அது. அவர் 1887இல் இறந்தபோது ஓவியரான தம்பி பிரான்சிஸ் எடுத்து வளர்த்தார். 1895இல் நிப்பர் செத்தது. மூன்று வருடம் கழித்து, போனோகிராஃப் முன்னால் அது குழம்பிப்போய் உட்கார்ந்து கேட்கும் கோலத்தை பிரான்சிஸ் வரைந்தார். ஆக, அது எஜமானை நினைத்து ஏங்கும் நாயின் படம் இல்லை. செத்த நாயை நினைத்து ஒரு மனுசன் வரைந்த படம்.

முதலில் காட்டிய கம்பெனி வேண்டாம் என்றது. கிராமபோன் கம்பெனிக்காரர்கள், பழைய பெட்டியை அழித்து எங்கள் பெட்டியை வரைந்து தந்தால் வாங்குகிறோம் என்றார்கள். அப்படியே மாற்றிக் கொடுத்தார். படத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன். பிறகு அதையே அவர் 24 தடவை பிரதி எடுத்து வரைந்து கொடுத்தார். ஒரே நாயை 24 தடவை! பணத்துக்காகத்தான் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கென்னவோ அப்படி மட்டும் தோன்றவில்லை.

நிப்பரைப் புதைத்தது லண்டனுக்கு அருகே கிங்ஸ்டன் என்ற ஊரில். பின்னாளில் அந்த இடத்தில் வங்கிக் கட்டடம் வந்துவிட்டது.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற பிள்ளைகள் உங்கள் ஊர் வேடியப்பன் கல்லை ஒருமுறை குனிந்து பாருங்கள். வீரன் காலடியில் நாய் இருந்தால் போன் கேமராவில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் எழுத்து தானாகத் தெரியும்.