செவ்வாற்று வடிநில ஊர்களின் மூங்கில் வேலி: அரணும் மறைப்பும்

திறவுச்சொற்கள்: உயிர்வேலி, முள்மூங்கில், வடவியத்நாம், பா தின் முற்றுகை, பியர் கூரூ

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடவியத்நாமின் செவ்வாற்று வடிநிலத்தில் பயணம் செய்தவருக்குத் தொலைவில் ஊர் தெரிந்ததில்லை. நெல்வயல்களின் நடுவே தீவுபோல் எழுந்த மூங்கில் வளையமே தெரிந்தது. வீடுகளும் குளங்களும் ஊர்ப் பொதுமன்றமும் அதனுள் அடங்கியிருந்தன. இவ்வேலியை வியத்நாமியர் ‘லூய் சே’ என்பர். ‘சே’ மூங்கிலைக் குறிக்கும். ‘லூய்’ என்பது மதில், அரண் எனப் பொருள்படும். பெயரே அரணாக இருப்பதால் வேலியைப் போரோடு மட்டும் இணைத்துப் பார்ப்பது எளிதாகிவிடுகிறது. போர் எப்போதோ வருவது. வேலியோ நாள்தோறும் நின்றது. வெளியார் பார்வையிலிருந்து ஊரை மறைப்பதே அதன் அன்றாடப் பணி என்பதையும், வேலியை வெட்டுவது தண்டனையானதற்கு அதுவே காரணம் என்பதையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

வேலிக்குப் பெரிதும் பயன்பட்டது முள்மூங்கில் இனமாகும். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என வகுக்கும் தொல்காப்பிய மரபியல் நெறிப்படி மூங்கிலும் புல்லே; இன்றைய தாவரவியலும் அதைப் புற்குடும்பத்திலேயே வைக்கிறது. இது வெறும் வகைப்பாட்டுச் செய்தி அன்று. மரம் ஆண்டுதோறும் பருக்கும், மூங்கில் பருக்காது. மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்து வரும் முளை எந்தப் பருமனில் வருகிறதோ அதே பருமனில் சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும். ஆகவே வேலியின் அடர்த்தி கழிகளின் வயதால் அன்றி எண்ணிக்கையால் அமைவது. முள்மூங்கிலின் நிலத்தடிக் கிழங்கு குட்டையானது. தாய்த்தூரை ஒட்டியே மேல்நோக்கி வளைந்து புதுக் கழியை விடும். வயலுக்குள் பரவி ஓடாத இவ்வியல்பினால்தான் ஓரங்குல நிலத்தையும் வீணாக்க விரும்பாத நெல் உழவர் அதனை எல்லையில் நட்டுவைக்க முடிந்தது. கிழங்கோடு பெயர்த்த பக்கக் கன்றுகளை வரிசையாக ஊன்றினால், சில ஆண்டுகளில் தூர்கள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். அடிப்பகுதியின் முட்கிளைகள் பின்னிக்கொள்ள ஆளும் விலங்கும் நுழைய இயலாது போகும்.

பராமரிப்பும் அறுவடையும் இங்கு ஒரே வேலை. மூன்று ஆண்டு கடந்த கழிகளை வெட்டாது விட்டால் தூரின் நடுப்பகுதி நெரிந்து காய்ந்துவிடும். இளங்கழிகளை வெட்டினாலோ தூர் நலியும். முதிர்ந்ததை எடுத்து இளையதை நிறுத்தும் ஒழுங்கே கூரைக்கும் கூடைக்கும் காவடித்தண்டுக்கும் மீன்பொறிக்கும் கழி தந்தது; வேலியையும் காத்தது.

வேலி அரணாகவும் நின்றதை மறுக்க இயலாது. 1885இல் பேரரசர் ஹாம் நி பெயரால் வெளிவந்த அறைகூவலைத் தொடர்ந்து எழுந்த கன் வுவொங் இயக்கத்தினர், தான் ஹுவா மாநிலத்தில் அடுத்தடுத்து இருந்த மூன்று ஊர்களை இணைத்துப் பா தின் கோட்டையை அமைத்தனர். ஃபாம் பான், தின் கொங் சாங் ஆகியோர் தலைமையில் மூங்கில் வேலிக்குப் பின்னால் மண்மேடுகள் எழுந்தன. 1886 டிசம்பரில் தாக்கிய பிரெஞ்சுப் படை முதலில் பின்வாங்கியது. 1887 ஜனவரியில்தான் கோட்டை வீழ்ந்தது. பின்னாளில் முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படைத்தலைவரான ஜோசப் ஜோஃப்ர் இம்முற்றுகையில் பொறியியல் அதிகாரியாகப் பணியாற்றினார்.

ஆனால் பா தின் விதிவிலக்கு. அன்றாட ஊரைக் காணப் புவியியலறிஞர் பியர் கூரூ 1936இல் வெளியிட்ட தோன்கின் வடிநில உழவர் பற்றிய நூலே சிறந்த சான்று. வேலி ஊரின் தனித்தன்மைக்கும் தன்னுரிமைக்கும் அடையாளமான புனித எல்லை என்கிறார் அவர். கலகத்தில் பங்கேற்ற ஊரையும் கலகக்காரருக்கு இடமளித்த ஊரையும் தன் வேலியைத் தானே வெட்டச் செய்வது தண்டனையாக இருந்தது. அந்த ஊரின் நிலையைக் கூட்டத்தின் நடுவே ஆடை களையப்பட்டவரின் நாணத்தோடு அவர் ஒப்பிடுகிறார். இழந்தது பாதுகாப்பு மட்டுமாயின் இவ்வுவமைக்கு இடமில்லை. முழுதும் வெட்டப்பட்ட தூரிலிருந்து முதலில் மெல்லிய கழிகளே கிளைக்கும். பழைய பருமனும் உயரமும் மீளப் பல பருவங்கள் வேண்டும். தண்டனை எத்தனை காலம் நீடிப்பது என்பதைத் தாவரமே வகுத்தது எனலாம்.

மறைப்பு யாருக்கு என்னும் வினா எஞ்சுகிறது. அரசன் சட்டமும் ஊர் வழக்கத்துக்குத் தோற்கும் என்னும் வியத்நாமியப் பழமொழியை வைத்து ஊரை மூடிய குடியரசாகக் கருதுவது மிகை. ஊர் வரி செலுத்தியது, ஆள் அனுப்பியது, சந்தைக்குச் சென்றது. தென்கிழக்காசிய உழவர் வாழ்வில் பிழைப்புக்கான அறநெறியை ஜேம்ஸ் ஸ்காட் 1976இல் வலியுறுத்தினார். 1979இல் சாமுவேல் பாப்கின் தன்னலக் கணக்கையும் உள்ளூர்த் தலைவர்களின் ஆதாயத்தையும் முன்னிறுத்தினார். வேலியைப் பொறுத்தவரை பாப்கினின் ஐயம் பொருந்துகிறது. அரசு அலுவலரின் பார்வைக்குத் தப்பிய நிலமும் ஆள்கணக்கும் ஊர்த் தலைவர்களின் கையில் இருந்தன. ஊர்ப் பதிவேட்டில் இடம்பெறாத குடியேறிகளுக்கோ பொதுநிலத்தில் பங்கில்லை. அதே மூங்கில் ஒருவருக்கு மறைப்பாகவும் மற்றவருக்குத் தடையாகவும் நின்றது.

குடியிருப்புப் பெருக்கமும் செங்கற்சுவரும் வந்தபின் வேலிகள் பெரும்பாலும் மறைந்தன. துவொங் லாமின் மோங் ஃபூ வாயில்போலச் சில ஊர்களின் நுழைவாயில்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன.