சூடாறாப் பெட்டி

கொதி வந்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி உள்ளே வைத்து மூடினால், அதில் தங்கியுள்ள வெப்பத்திலேயே உணவை வேகவைக்கும் பெட்டி. கேரளத்துச் சமையலறைகளில் இது பழகிய பொருள். அதைப் பரப்பியதில் பாலக்காட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு.

அரிசி வேகத் தேவை வெப்பம்தான். தளதளவென்ற கொதிப்பு அல்ல. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதித்தபின் அதில் 130 மில்லி ஆவியாகிப் போனாலே அதே அளவு வெப்பம் கூரைக்குப் போய்விடும். கொதி வந்த பிறகும் எரியும் தீயில் பெரும்பகுதி இந்த இழப்பை ஈடுகட்டவே செலவாகிறது. பெட்டி அடைப்பது இந்த ஓட்டையைத்தான்.

ஐரோப்பியர் இதற்கு வைக்கோலைப் பயன்படுத்தினர். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் நார்வே நாட்டுத் தயாரிப்பாக இத்தகைய சமையற்பெட்டி வைக்கப்பட்டது. எரிபொருள் அரிதான உலகப் போர்க் காலங்களில் பிரிட்டன் வீடுகளிலும் வைக்கோல் பெட்டி இடம்பிடித்தது. இந்தியாவில் கல்கத்தா மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 1910இல் உருவாக்கிய இக்மிக் குக்கரை இதன் நெருங்கிய உறவாகச் சொல்லலாம். அடியில் சிறிதளவு கரித் தணல், மேலே அடுக்குப் பாத்திரங்கள். ஆளில்லாமலே சோறும் பருப்பும் வெந்துவிடும்.

கேரளத்தில் சூடாறாப் பெட்டியை இயக்கமாக்கியது 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். அமைதிப் பள்ளத்தாக்கை அணைத் திட்டத்திலிருந்து காக்கப் போராடிய இந்த அமைப்பு, விறகை மிச்சப்படுத்தும் பரிஷத் அடுப்பை 1980களில் வீடுவீடாகக் கொண்டுசென்றது. அணை வேண்டாம் என்றவர்கள் எரிசக்திச் சிக்கனத்தை அடுக்களையிலேயே செய்து காட்டியது பாராட்டுக்குரியது. பாலக்காட்டு முண்டூரில் 1987இல் அமைந்த ஒருங்கிணைந்த ஊரகத் தொழில்நுட்ப மையம் அடுப்பு, பெட்டி போன்ற கருவிகளுக்குக் களமானது. 1996இல் பரிஷத்துக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது.

பெட்டிக்குள் தெர்மாக்கோல் பதித்து, பாத்திரம் இறுக்கமாக உட்காரும்படி குழி விட்டிருப்பார்கள். தீயிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் அடி தெர்மாக்கோலை இளக்கிவிடும் என்பதால் இடையில் துணி வேண்டும். பருமனான மட்ட அரிசியைக் கொதி வந்தபின் ஐந்து பத்து நிமிடம் அடுப்பில் விட்டு உள்ளே வைத்தால், ஒரு மணி நேரத்துக்குமேல் தானாக வேகும். பிறகு எடுத்துக் கஞ்சி வடிக்கலாம். பொன்னி அரிசி சீக்கிரம் வெந்துவிடும். அதற்கு இவ்வளவு மிச்சம் வராது. கேரளத்தில் பெட்டி நிலைத்ததற்கு மட்ட அரிசியே பெரிய காரணம். இன்று எவர்சில்வர் தெர்மல் குக்கரும் கடைகளில் கிடைக்கிறது.

தேனி மாவட்டக் கம்பத்திலிருந்து மலையேறினால் வரும் எல்லை ஊர் கம்பம்மெட்டு. இந்த வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு அதிகாலை ஜீப்பில் போகிறவர்களின் வீட்டில் உலைக்குப் பக்கத்தில் நிற்க நேரமிருக்காது. பெட்டியின் பயன் அங்கே கூடுதல். ஆனால் 1000 மீட்டர் உயரத்தில் நீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், குளிரும் சேர்ந்துகொள்ளும். அதனால் மலையில் அடுப்பில் சில நிமிடம் கூடுதலாக விட வேண்டும்.

பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். அரைப் பாத்திரம் விரைவில் ஆறிவிடும். இடையில் திறந்து பார்க்கக் கூடாது. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகும் என்பதால், வெந்ததை இரவு முழுதும் உள்ளேயே விட்டுவைப்பது ஆபத்து. ராஜ்மா போன்ற சிவப்பு பீன்ஸை ஊறவைத்து, நச்சு நீங்கக் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே பெட்டியில் வைக்க வேண்டும்.