மொழியும் சம்பள ஏற்றமும்

வலையையும் வயலையும் நம்பிய பனிச்சங்கேணி போன்ற வாவிக்கரைக் கிராமங்களில், பிள்ளையின் படிப்பால் விளையுமெனப் பெற்றோர் எதிர்பார்த்தது பெரும்பாலும் அரசாங்க உத்தியோகமே. ஆங்கிலம் அறிந்தோர்க்கே நெடுங்காலம் அது கைகூடியது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், பெற்ற உத்தியோகத்தில் உயர்வதும் சிங்களத் தேர்ச்சியைப் பொறுத்ததாயிற்று.

இதன் கடுமையைக் கோடீஸ்வரன் வழக்கே நன்கு காட்டும். தமிழ் எழுதுவினைஞரான அவர் சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றமோ, அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியரசின்மீது வழக்காட இயலாதெனக் கூறி அத்தீர்ப்பை மாற்றிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்று கேட்டவருக்கு, சம்பளம் கேட்கவே உரிமையில்லை என்பது விடையாயிற்று! 1969இல் கோமறைக் கழகம் வழக்காடும் உரிமையை ஏற்று, மொழி பற்றிய வினாவை மீண்டும் இலங்கை நீதிமன்றத்துக்கே அனுப்பியது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. வினா தீர்க்கப்படாமலே நின்றுவிட்டது.

1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007 யூலை முதல் அரச சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் ஐந்தாண்டுக்குள் தேர்ச்சி பெறவேண்டுமென விதிக்கப்பட்டபோது, பரீட்சை சிங்கள உத்தியோகத்தரையும் தமிழ் படிக்க வைத்தது.