வார்ப்புரு

தோசைக்கல்லில் மாவை வார்க்கிறோம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் உருக்கிய உலோகத்தை மண் அச்சுக்குள் வார்க்கிறார்கள். வார்த்தலிலிருந்து வார்ப்பு, அதோடு வடிவம் என்னும் 'உரு' சேர்ந்தால் வார்ப்புரு. 'டெம்ப்ளேட்'டுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவும் இதையே ஆள்கிறது.

சுவாமிமலையில் ஒரு சிலை வார்த்ததும் மண் அச்சை உடைத்துவிடுவார்கள். இணையதளத்தின் தோற்றத்தை வார்க்கும் அச்சு உடைவதில்லை. ஒரே வார்ப்புருவை ஆயிரம் தளங்கள் நிறுவிக்கொள்ளலாம். தளம் அமைக்கும் மென்பொருளான ஜூம்லா அதை டெம்ப்ளேட் என்கிறது. அதே வகை மென்பொருளான வேர்ட்பிரஸில் அதன் பெயர் 'தீம்'. 2005இல் வந்த 1.5 பதிப்பில்தான் அந்த வசதி சேர்ந்தது. 'தீம்' என்பதைக் 'கருப்பொருள்' என்று பெயர்ப்பது எனக்கு உவப்பில்லை. கரு கட்டுரைக்குள் இருப்பது. இங்கே மாறுவது வெளித்தோற்றம்.

வார்ப்புருவை மாற்றினாலும் எழுதிய கட்டுரைகள் தரவுத்தளத்தில் அப்படியே இருக்கும். அதே உலோகம், வேறு அச்சு. பட்டியும் (மெனு) பக்கவாட்டுப் பெட்டிகளும் மட்டும் சில நேரம் இடம் தெரியாமல் தவிக்கும். அவற்றை நாம்தான் மீண்டும் இருத்த வேண்டும்.