காலண்டர் லட்சுமியும் ஏஐ ஷாருக்கும்

சடையங்குப்பம் மாதிரி ஊர்ல ஒரு மளிகைக்கடை காலண்டரைப் பாருங்க. மேல லட்சுமி, கீழ கடை பேரு. கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) வரைஞ்ச சாமிகளை சிவகாசி அச்சகங்கள் அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்பின. படம் எல்லாருக்கும் ஒண்ணுதான். கீழே விட்ட காலி இடத்துல அந்தந்தக் கடையோட பேரு. தனியா ஓவியர் வைக்க முடியாத சின்னக் கடைக்கு வருஷம் முழுக்க விளம்பரம்.

2021 தீபாவளிக்கு கேட்பரி செஞ்சதும் கிட்டத்தட்ட இதேதான். ஷாருக்கான் நடிச்ச விளம்பரம் ஒண்ணு. கடைக்காரர் இணையதளத்துல பேரைக் கொடுத்தா, ஏஐ அவர் முகத்தையும் குரலையும் மாத்தி அந்தக் கடை பேரையே சொல்ல வைக்கும்.

என்ன வித்தியாசம்? காலண்டர் லட்சுமி "இங்க வாங்குங்க"ன்னு பேசல. ஒரு மனுஷன் சொன்னா அது அவர் கொடுக்குற வாக்கு. ஷாருக் சம்மதிச்சார். ஆனா 2023 ஜனவரியில ரஜினிகாந்த் தரப்பு, அனுமதி இல்லாம அவர் பேரையும் குரலையும் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினா நடவடிக்கைன்னு எச்சரிச்சது.

இன்னைக்கு போன்லயே விளம்பரம் செஞ்சிடலாம். உங்க கடை, உங்க பொருள், உங்க முகம்னா தாராளமா செய்யுங்க. அடுத்தவர் முகமா? முதல்ல அவரைக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.